கடலை மிட்டாய்க் கடைக்குக் கூகுளில் நற்பெயர்: எட்டாயிரம் ரூபாயை எதில் போடுவது?

கோவில்பட்டியில் கடலை மிட்டாய் தயாரிக்கும் தம்பி ஒருவர் போன மாதம் ஒரு கொட்டேஷனை என் மேசையில் விரித்தார். மாதம் 8,000 ரூபாய். அதற்கு 300 பேக்லிங்க், அதாவது மற்றத் தளங்களிலிருந்து அவருடைய தளத்துக்கு இணைப்புகள். ‘ஆறு மாதத்தில் உங்கள் தளத்தின் டொமைன் அத்தாரிட்டி 40ஐத் தொடும்’ என்று கடைசி வரியில் உறுதி வேறு. “அண்ணாச்சி, கையெழுத்துப் போட்டுவிடலாமா?” என்று கேட்டார்.

வேண்டாம் என்று உடனே சொல்லிவிட்டேன். ஆனால் அதோடு நிறுத்தினால் அது பாதி பதில்தான். அவர் முன்னால் நான்கு வழிகள் இருந்தன: லிங்க் வாங்குவது, வணிக டைரக்டரிகளில் சேர்வது, கூகுள் மேப்பில் தெரியும் பிசினஸ் புரொஃபைல், சொந்த இணையதளம். நான்கையும் அவருடைய கடையை வைத்தே எடைபோட்டுப் பார்த்தோம்.

லிங்க் வியாபாரம் ஏன் பிறந்தது என்று முதலில் சொல்ல வேண்டும். கூகுளை நிறுவிய லாரி பேஜும் செர்கே பிரின்னும் 1998இல் முன்வைத்த, தளங்களை வரிசைப்படுத்தும் பேஜ்ரேங்க் முறையில், ஒரு தளம் இன்னொன்றுக்குக் கொடுக்கும் இணைப்பு ஏறக்குறைய ஓர் ஓட்டு. ஓட்டுக்கு மதிப்பு வந்ததும் அதை விற்பவர்களும் வந்துவிட்டார்கள். 2011இல் மதுரைப் பாத்திரக் கடை ஒன்றுக்கு நானே இப்படி லிங்க் வாங்கிக் கொடுத்தேன். சில மாதங்கள் குத்துவிளக்கு என்று தேடினால் அந்தக் கடை முதல் பக்கத்தில் வந்தது. 2012 ஏப்ரலில் கூகுள், இப்படிச் செயற்கையாகச் சேர்த்த லிங்குகளைத் தண்டிக்கும் ‘பெங்குவின்’ மாற்றத்தைக் கொண்டுவந்தது. அதன்பின் பத்துப் பக்கம் தள்ளிப் பார்த்தும் கடையின் பெயரைக் காணவில்லை. லிங்கை எடுத்துவிடுங்கள் என்று முகம் தெரியாத தளங்களுக்கெல்லாம் மாதக்கணக்கில் மின்னஞ்சல் எழுதினேன். அந்த முதலாளி என்னை ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. அதனாலேயே அது இன்றும் உறுத்துகிறது.

இன்று நிலைமை கொஞ்சம் வேறு. 2016க்குப் பிறகு இத்தகைய லிங்குகளைக் கூகுள் பெரும்பாலும் கணக்கில் எடுப்பதே இல்லை. ஆக, தண்டனை வராவிட்டாலும் பணம் வீண். வரம்பு மீறினால் கூகுளின் ஆட்களே நேரில் பார்த்து நடவடிக்கை எடுப்பதும் உண்டு. அந்த ‘டொமைன் அத்தாரிட்டி’ மாஸ் என்ற தனியார் நிறுவனம் போடும் மதிப்பெண். கூகுள் அதைத் தரவரிசைக்குப் பயன்படுத்துவதில்லை. அது ஏறிவிட்டது என்று காட்டி மாதாமாதம் பில் போடுவது எளிது. ஒரு பாக்கெட் மிட்டாய்கூட அதனால் கூடுதலாக விற்காது.

டைரக்டரிகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இந்தியாமார்ட், ஜஸ்ட் டயல் போன்றவற்றில் இலவசமாகச் சேரலாம், சேர்ந்துவிட வேண்டும். மொத்தக் கொள்முதல் செய்பவர்கள் அங்கே தேடுகிறார்கள். ஆனால் ஒரே விசாரணை பல விற்பனையாளர்களுக்குப் போவதால் பேச்சு சீக்கிரமே விலைக்கு வந்து நிற்கும். கட்டணத் திட்டத்தை இப்போது தொட வேண்டாம் என்றேன்.

உண்மையான போட்டி மற்ற இரண்டுக்கும் இடையில்தான்.

பிசினஸ் புரொஃபைல் இலவசம். கோவில்பட்டி பஸ் நிலையத்தில் இறங்கியவர் மிட்டாய்க் கடையைத் தேடினால் அவர் கண்ணில் முதலில் படுவது மேப்தான். பொருத்தம், தூரம், பிரபலம் ஆகிய மூன்றையும் வைத்து அங்கே வரிசை அமைகிறது. உள்ளூர் வாடிக்கையாளரைப் பொறுத்தவரை சொந்தத் தளத்தால் இதை வெல்லவே முடியாது. ரிவ்யூ கேட்கலாம், ஆனால் ரிவ்யூ எழுதினால் கால் கிலோ இலவசம் என்பது கூகுளின் விதிக்கு விரோதம். இணைய மதிப்புரைகளுக்கென்று இந்தியத் தர நிர்ணய அமைவனமும் 2022இல் ஐஎஸ் 19000 என்ற தரநிலையை வெளியிட்டிருக்கிறது. தம்பியின் பக்கத்தில் ஒருவர், ‘மிட்டாய் நமத்துப் போய் வந்தது’ என்று எழுதி ஒரு நட்சத்திரம் கொடுத்திருந்தார். நான்கு மாதமாகப் பதில் இல்லை. வாங்கப்போகிறவர் முதலில் படிப்பது அதைத்தானே!

புரொஃபைலின் பலவீனம் தூரம். கோயம்புத்தூரிலிருந்து தேடுபவருக்கு அந்த ஊர்க் கடைகள்தான் மேப்பில் முன்னே வரும். இன்னொன்று, அது வாடகை வீடு. புரொஃபைலோடு சேர்த்துக் கூகுள் கொடுத்துவந்த இலவச இணையதளங்கள் 2024 மார்ச்சில் மூடப்பட்டன. அந்த முகவரியைப் பையிலும் விசிட்டிங் கார்டிலும் அச்சடித்திருந்தவர்கள் எல்லாவற்றையும் மாற்ற வேண்டியதாயிற்று.

சொந்தத் தளத்துக்கு அந்தப் பயமும் இல்லை, ஊர் எல்லையும் இல்லை. ஆனால் தம்பியின் தளத்தைத் திறந்ததும் மனசு சங்கடப்பட்டது. முகப்பில் ஏதோ வெளிநாட்டு வேர்க்கடலைப் படம். ‘நாங்கள் தரமே தாரக மந்திரமாகக் கொண்டு’ என்று தொடங்கும், யார் தளத்திலும் ஒட்டிவிடக்கூடிய பத்தி. கடை முகவரி இல்லை. உலாவியின் முகவரிப் பட்டையில் ‘பாதுகாப்பற்றது’ என்ற எச்சரிக்கை. தகவலை மறையாக்கி அனுப்பும் எச்டிடிபிஎஸ் இல்லாத தளங்களைக் குரோம் 2018 ஜூலையிலிருந்து இப்படித்தான் காட்டுகிறது. அதற்கான சான்றிதழ் இலவசமாகவே கிடைக்கிறது. உணவுப் பொருள் விற்கும் தளத்தில் உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ தரும் 14 இலக்க உரிம எண்கூட இல்லை.

நேரே பட்டறைக்குப் போனோம். அடுப்பில் வெல்லப் பாகு கொதித்துக்கொண்டிருந்தது. அவருடைய அம்மா ஒரு சொட்டு எடுத்துத் தண்ணீரில் விட்டு, விரலால் மடக்கினார். வளைந்தது. இரண்டு நிமிடம் கழித்து மறுபடி ஒரு சொட்டு. இம்முறை ‘டக்’ என்று முறிந்தது. உடனே கடலையைக் கொட்டினார்கள். “பாகு முந்தினால் மிட்டாய் பல்லில் ஒட்டும், பிந்தினால் கசக்கும்” என்றார். தளத்தில் இருக்க வேண்டியது இதுதான். தேடல் முடிவுகளின் தரத்தைப் பார்த்துச் சொல்லக் கூகுள் வைத்திருக்கும் மதிப்பீட்டாளர்களுக்குத் தரும் வழிகாட்டியில் 2022 டிசம்பரில் ‘நேரடி அனுபவம்’ என்ற அளவுகோலைச் சேர்த்தது. நம்பகமே எல்லாவற்றுக்கும் மையம் என்கிறது. மதிப்பீட்டாளர்கள் போடும் மதிப்பெண் எந்தத் தளத்தின் இடத்தையும் நேரடியாக மாற்றாது. ஆனால் எதை நல்ல பக்கம் என்று கூகுள் கருதுகிறது என்பது அதில் தெரிகிறது. அந்த அம்மாவின் பாகுப் பதம் 300 லிங்கிலும் கிடைக்காது.

தளத்தின் குறை, அதற்குப் பொறுமை வேண்டும். பலன் தெரிய மாதங்கள் ஆகும். தானாக வரும் இணைப்புகளும் மெதுவாகத்தான் வரும்: மிட்டாயை வாங்கி விற்கும் கடைகளின் தளம், தயாரிப்பாளர் சங்கம், எப்போதாவது பத்திரிகைக் கட்டுரை. ஆனால் அப்படி வரும் நான்கைந்து இணைப்புகளைத்தான் நான் பெரிதாக மதிப்பேன்.

ஆகவே என் தீர்ப்பு: முதலில் புரொஃபைல், ஒரு வாரத்துக்குள். பணம் முழுவதும் சொந்தத் தளத்துக்கு. முதல் மாத 8,000 ரூபாயில் ஓர் உள்ளூர்ப் புகைப்படக்காரர் வந்து அடுப்பையும் அச்சுப் பலகையையும் எடுத்துக் கொடுத்தார். மிட்டாய் நமத்துப் போனது என்று எழுதியவருக்குத் தம்பி மன்னிப்புக் கேட்டு எழுதி, புதுப் பாக்கெட்டும் அனுப்பினார். கடைப் பலகையில் ஒரு பெயர், மேப்பில் ஒரு பெயர், உரிமத்தில் ஒரு பெயர் என்று இருந்ததை ஒன்றாக்கினோம்.

ஒரு வேலை பாக்கி. கோவில்பட்டி கடலை மிட்டாய்க்கு 2020 ஏப்ரலில் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் அதைப் போட்டுக்கொள்ள, ஊரில் கடை இருந்தால் மட்டும் போதாது. அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகப் பதிவு செய்திருக்க வேண்டும். தம்பி இப்போதுதான் விண்ணப்பம் தயார் செய்கிறார். பதிவு கைக்கு வரும்வரை அந்தச் சின்னம் தளத்தில் ஏறாது என்று பேசி முடித்திருக்கிறோம்.