டெல்டா போர்த் தண்ணீருக்கு 25 லிட்டர் ரெசின் சாஃப்ட்னர்: பல வருடப் பயன்பாட்டில் தெரிந்தவை

சாஃப்ட்னர், அதாவது தண்ணீரின் சுண்ணாம்புச் சத்தை நீக்கும் கருவி, வாங்குமுன் டி.டி.எஸ். மீட்டரை ஓரமாக வைத்துவிடுங்கள். அது காட்டுவது தண்ணீரில் கரைந்துள்ள எல்லாவற்றின் மொத்தத்தை. எது எவ்வளவு என்று அதற்குத் தெரியாது. கும்பகோணம் போரும் நாகப்பட்டினம் போரும் ஒரே எண்ணைக் காட்டலாம். முன்னதில் பெரும்பகுதி சுண்ணாம்புச் சத்தாக இருக்கும், பின்னதில் கடல் உப்பாக இருக்கும். சாஃப்ட்னர் முதல் வகைக்குத்தான் மருந்து. வாயில் வைத்தாலே கரிக்கும் வேதாரண்யம் பக்கத்துத் தண்ணீருக்கு அதை மாட்டினால் காசுதான் வீண், அங்கே ஆர்.ஓ. அல்லது கொள்ளிடம் கூட்டுக் குடிநீர்தான் வழி.

கடினத்தன்மையை, அதாவது தண்ணீரில் உள்ள சுண்ணாம்பு, மக்னீசியச் சத்தின் அளவை, சொட்டுச் சொட்டாக மருந்து விடும் சோதனை கிட்டில் பார்க்கலாம். தண்ணீர் ஒயின் சிவப்பிலிருந்து நீலமாகும்வரை விட்ட சொட்டுகளை எண்ணி, கிட் தாளில் உள்ள எண்ணால் பெருக்கினால் போதும். சந்தேகமிருந்தால் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கட்டணம் கட்டிச் சோதிக்கலாம். இந்தியத் தரநிர்ணயம் (ஐ.எஸ். 10500:2012) குடிநீருக்கு லிட்டருக்கு 200 மி.கி.யை ஏற்கத்தக்க அளவு என்கிறது. வேறு தண்ணீர் கிடைக்காத இடத்தில் 600 வரை விடுகிறது. 200-க்குக் கீழே இருந்தால் சாஃப்ட்னர் வேண்டாம்.

இனி, கடைக்காரர் சொல்லாத கணக்கு. சாஃப்ட்னருக்குள் இருக்கும் ரெசின் என்பது கடினத்தைப் பிடித்துக்கொண்டு சோடியத்தை விடும் சின்ன மணிகள். அதன் பிடிப்பு தீர்ந்ததும் உப்புநீர் விட்டுப் புதுப்பிக்க வேண்டும். ஒரு லிட்டர் ரெசின் ஏறக்குறைய 50 கிராம் கடினத்தைப் பிடிக்கும். 25 லிட்டருக்கு 1,250 கிராம். தண்ணீரின் கடினம் லிட்டருக்கு 500 மி.கி. என்றால் 2,500 லிட்டர் வரை தாங்கும். குளியல், துணி, பாத்திரம் எல்லாம் சேர்த்து நாளுக்கு 500 லிட்டர் செலவாகும் வீட்டில் ஐந்தாம் நாள் உப்பு போட வேண்டும். மாதம் ஒருமுறை போதும் என்று விற்பவரிடம் இந்தப் பெருக்கலைப் போட்டுக் காட்டுங்கள். ஷவர் தலையில் மாட்டும் குட்டி வடிகட்டிக்கும் இதே கணக்குதான்: 100 மி.லி. ரெசின் 5 கிராம் பிடிக்கும், அதாவது 10 லிட்டர் தண்ணீர். ஒரு வாளிகூட நிறையாது.

உப்பு போடும்போது முதலில் பத்து நிமிடம் பேக்வாஷ், அதாவது தண்ணீரைக் கீழிருந்து மேலே விட்டு அலசுவது. ரெசின் மேலே எழும்பிப் புரள வேண்டும். அதனால் பாத்திரத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ரெசின் நிரப்பக் கூடாது. பிறகு 35 லிட்டர் தண்ணீரில் மூன்றரைக் கிலோ உப்பைக் கரைத்து, அரை மணி நேரம் மெதுவாக இறங்க விட வேண்டும். அவசரப்பட்டு வால்வை முழுக்கத் திறந்தால் உப்புநீர் ரெசினோடு சேராமல் ஓடிவிடும். மறுநாளே சோப்பு நுரைக்காது. கடைசியில் கரிப்பு போகும்வரை அலசல். வேதாரண்யம் கல்லுப்பு விலைக்கு வசதி. ஆனால் முதல்நாள் இரவே கரைத்து வைத்து, தெளிந்ததை மட்டும் துணியில் வடித்து ஊற்றுங்கள். அடியில் தங்கும் மண் ரெசினை அடைக்கும்.

அழுத்தத்தைப் பலரும் யோசிப்பதில்லை. பத்து மீட்டர் உயரத் தண்ணீர் தரும் அழுத்தம்தான் ஒரு பார். மாடித் தொட்டியிலிருந்து கீழே இறங்கும் மூன்று நான்கு மீட்டருக்கு பேக்வாஷ் எழும்பாது. சின்ன பிரஷர் பம்ப் வேண்டும்.

ரெசினை முதலில் கொல்வது இரும்பு. குடத்தில் பிடித்த தண்ணீர் சில மணி நேரத்தில் செம்மஞ்சளாக மாறினால், சாஃப்ட்னருக்கு முன்னால் இரும்பு வடிகட்டி கட்டாயம். இல்லாவிட்டால் ரெசின் காவி நிறமாகிப் படிப்படியாகப் பிடிப்பை இழக்கும், எவ்வளவு உப்பு போட்டாலும் திரும்பாது.

பலன் எங்கே தெரிகிறது? துணியில். பவுடர் குறைகிறது, வெள்ளை வேட்டி பழுப்பேறுவதில்லை, குளியலறை மக்கில் பிசுபிசு வளையம் வருவதில்லை. குளித்தபின் உடம்பு வழவழப்பதைச் சோப்பு போகவில்லை என்று நினைத்து இன்னும் நாலு சொம்பு ஊற்றுவார்கள், அது பழகிவிடும். முடி கொட்டுவது நிற்கும் என்ற விளம்பரத்தை நம்பி மட்டும் வாங்க வேண்டாம்.

ஏற்கெனவே படிந்த சுண்ணாம்பு தானாகக் கரையாது. கீசர் சடசடவென்று சத்தம் போட்டால் எம்.சி.பி.யை (மெயின் பெட்டியில் உள்ள சுவிட்ச்) அணைத்து, தண்ணீரை வடித்து, எலிமெண்டைக் கழற்றி, லிட்டருக்கு 50 கிராம் சிட்ரிக் அமிலம் கரைத்த வெதுவெதுப்பான நீரில் இரண்டு மணி நேரம் ஊற வையுங்கள். கத்தியால் சுரண்டினால் மேலுறை போய்விடும். அனோடு கம்பி (தொட்டி துருப்பிடிக்காமலிருக்கத் தான் கரையும் கம்பி) கரைந்திருந்தால் அப்போதே மாற்றுங்கள். வெந்நீர்க் குழாயில் தண்ணீர் வந்த பிறகே சுவிட்ச். தெர்மோஸ்டாட்டை 50–55 டிகிரியில் வைத்தால் படிவு குறையும். சூடு ஏற ஏறத்தான் பைகார்பனேட் உடைந்து சுண்ணாம்பாக இறங்குகிறது. இட்லிப் பானைத் தண்ணீரில் புளிச்சக்கை போடும் வழக்கத்துக்கும் பின்னால் இருப்பது அமிலம்தான். கழிவறை ஆசிட்டைக் குரோம் குழாயில் ஊற்றினால் பூச்சு உரியும். பிளீச்சிங் பவுடரோடு அது சேர்ந்தால் நச்சுவாயு கிளம்பும்.

சமையலறைக் குடிநீர்க் குழாயை சாஃப்ட்னரோடு இணைக்காதீர்கள். கடினம் 100 மி.கி. குறைந்தால் சோடியம் 46 மி.கி. ஏறும்; 500-க்கு 230. ரத்தக்கொதிப்பு உள்ளவர்களுக்கு ஆகாது. துவரம்பருப்பு வேகாத தண்ணீர் என்றால் பருப்புக்கு மட்டும் குடிநீரையே எடுத்துக்கொள்ளலாம். தோட்டத்துக்கும் போர்த் தண்ணீரை நேராக விடுங்கள். சாஃப்ட்னர் கழிவுநீர் வாழை, கறிவேப்பிலை பக்கம் போகாமல் சாக்கடைக்குத் தனிக் குழாய் வைக்க வேண்டும். இன்வெர்ட்டர் பேட்டரிக்கு சாஃப்ட்னர் தண்ணீரும் கூடாது, டிஸ்டில்டு வாட்டர் மட்டுமே.