அலுவலகமா, வீடா, நூலகமா: எந்த வேலைக்கு எந்த இடம்?

2024 டிசம்பர் 1ஆம் தேதி நடப்புக்கு வந்த, அரசாங்கமும் முதலாளிகளும் தொழிற்சங்கங்களும் சேர்ந்து வகுத்த முத்தரப்பு வழிகாட்டி நெறிமுறைகளின்படி, சிங்கப்பூரில் தகுதிகாண் காலத்தை முடித்த ஊழியர் எவரும் வீட்டிலிருந்து வேலை போன்ற நீக்குப்போக்கான வேலை ஏற்பாடு கேட்டு முறையாக விண்ணப்பிக்கலாம். முதலாளி இரண்டு மாதங்களுக்குள் எழுத்துவடிவில் பதில் தர வேண்டும். அலுவலகமா வீடா என்ற விவாதம் அதற்குப் பிறகும் ஓய்ந்தபாடில்லை. ஆனால் அது ரயில் நெரிசல், பிள்ளைகளின் பள்ளி நேரம், மேலாளருக்கு நம்மீதுள்ள நம்பிக்கை ஆகியவற்றையே சுற்றிவருகிறது. செய்யும் வேலைக்கு மூளை என்ன கேட்கிறது என்று பேசுவோர் குறைவு. அந்தக் கேள்வியை மட்டும் வைத்துக்கொண்டு, மேசைமுன் அமர்ந்து பிழைக்கும் நமக்கு வாய்த்திருக்கும் மூன்று இடங்களான அலுவலகம், வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) அடுக்குமாடி வீடு, பொது நூலகம் ஆகியவற்றை இங்கே ஒப்பிடுகிறேன்.

இடத்தைப் பார்ப்பதற்குமுன் வேலையைப் பிரித்துக்கொள்ள வேண்டும். சாங்கி வர்த்தகப் பூங்காவில் ஒரு வங்கியின் காலாண்டுக் கணக்கைச் சரிபார்ப்பவரை எடுத்துக்கொள்வோம். மூன்று எக்செல் தாள்களில் எந்தத் தொகை எங்கே இடிக்கிறது என்று தேடும்போது, முதல் தாளின் மொத்தம், இரண்டாம் தாளில் விடுபட்ட வரிசை, அன்றைய நாணய மாற்று விகிதம், தமக்கு எழுந்த சந்தேகம் ஆகிய நான்கையும் அவர் ஒருசேர மனத்தில் வைத்திருக்கிறார். வேலை செய்யும்போது தகவல்களைத் தற்காலிகமாக ஏந்தி நிற்கும் செயல்நினைவு தாங்கக்கூடியதே ஏறத்தாழ நான்கு கூறுகள்தாம் என்று உளவியலாளர் நெல்சன் கோவன் 2001இல் பல ஆய்வுகளைத் தொகுத்துக் காட்டினார். ஐந்தாவதாக ஒன்று நுழைந்தால், இருப்பதில் ஒன்று நழுவும். அதே மனிதர் மறுநாள், இந்தப் பிழை ஒவ்வொரு காலாண்டும் தலைகாட்டாமலிருக்க வேறென்ன வழி என்று யோசிக்க வேண்டியிருக்கிறது. அது முற்றிலும் வேறு வகை உழைப்பு.

வேறு வகை என்பதற்கு மூளை ஆய்விலும் ஆதாரம் இருக்கிறது. மார்கஸ் ரெய்க்கல் குழுவினர் 2001இல் விவரித்த இயல்புநிலை வலையமைப்பு, வெளிவேலை எதிலும் நாம் ஈடுபடாதபோது மும்முரமாக இயங்கும் மூளைப் பகுதிகளின் தொகுதி. கவனத்தைக் கட்டுப்படுத்தும் வலையமைப்பு முனைப்பாகும்போது இது பொதுவாக அடங்கிவிடும். படைப்புத் திறன் மிகுந்தவர்களிடம், வழக்கமாக ஒன்று ஓங்கினால் மற்றொன்று தாழும் இவ்விரண்டும் ஒருங்கே இணைந்து செயல்படுவதை ரோஜர் பீட்டி குழுவினர் 2018இல் காட்டினார்கள். (நிறுவனப் பயிலரங்குகளில் இன்னமும் திரையில் காட்டப்படும், படைப்பாளிகள் வலது மூளைக்காரர்கள், கணக்கர்கள் இடது மூளைக்காரர்கள் என்று பிரிக்கும் வண்ணப்படத்தை மறந்துவிடலாம். யூட்டா பல்கலைக்கழகத்தார் 2013இல் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரின் மூளைப் படங்களை அலசியும் அப்படி இரு வகை மனிதர்களைக் காணவில்லை.)

இனி அலுவலகம். தடுப்புச் சுவர்களை அகற்றினால் ஊழியர்கள் கலந்து பேசுவார்கள், பேச்சிலிருந்து புதுமை பிறக்கும் என்பதே தடுப்பில்லா அலுவலகத்திற்குச் சொல்லப்படும் நியாயம். ஈத்தன் பெர்ன்ஸ்டைன், ஸ்டீவன் டர்பன் இருவரும் அமெரிக்காவின் இரண்டு பெரிய நிறுவனங்களில் ஊழியர்களுக்கு உணர்கருவி வில்லைகளை அணிவித்து இதை நேரடியாக அளந்தார்கள். 2018இல் அவர்கள் வெளியிட்ட முடிவின்படி, சுவர்கள் போனபிறகு முகம்பார்த்துப் பேசுவது சுமார் 70 விழுக்காடு குறைந்தது. மின்னஞ்சலும் குறுஞ்செய்தியும் கூடின. எல்லாரும் பார்க்கும் இடத்தில் அமர்ந்தவர்கள் காதில் ஒலிக்கருவியை மாட்டிக்கொண்டு, பக்கத்து மேசைக்காரருக்கும் டீம்ஸ் செயலியில் செய்தி அனுப்பினால் வேறென்ன நடக்கும்?

அலுவலகப் பேச்சொலியில் சிங்கப்பூருக்கே உரிய ஒரு சிக்கலும் உண்டு. ஒரே வரிசையில் ஆங்கிலம், மாண்டரின், மலாய், தமிழ் நான்கும் கேட்கும். புரியாத மொழி தொந்தரவு தராது என்று நம்மில் பலர் நினைக்கிறோம். 1976இல் கோல், வெல்ஷ் இருவரும் ஜெர்மன் தெரியாதவர்களுக்கு ஜெர்மன் பேச்சைப் பின்னணியில் ஒலிக்கவிட்டு, எழுத்துகளை வரிசையாக நினைவில் வைக்கச் சொன்னபோது, புரியாத அந்தப் பேச்சும் நினைவைக் குலைத்தது. படித்துப் பொருள் கொள்ளும் வேலைக்கோ, பொருள் புரியும் பேச்சே கூடுதல் கேடு செய்கிறது என்று பின்னர் வந்த ஆய்வுகள் காட்டின. ஆகவே எண்களை மனத்தில் வரிசைப்படுத்தும் கணக்காளருக்கு எந்த மொழிப் பேச்சும் இடைஞ்சல். ஒப்பந்தம் ஒன்றைப் படித்துக்கொண்டிருப்பவருக்குப் பக்கத்து மாண்டரின் உரையாடலைவிட, அடுத்த மேசையில் இருவர் தமிழில் தீபாவளி டிக்கெட் விலை பேசுவது பெரிய இடைஞ்சல். இரு மொழி, மூன்று மொழி அறிந்தவருக்கு ஒளிய இடம் இன்னும் குறைவு.

வீடு மட்டும் அமைதியானதா? நான்கறை வீவக வீட்டில் சாப்பாட்டு மேசைதான் பலருக்கு அலுவலக மேசை. குக்கர் விசில் அடிக்கும், அம்மா குளிக்கப் போகும்போது, "அடுப்பைக் கொஞ்சம் பாத்துக்கப்பா" என்பார். அலுவலகத்திலோ சக ஊழியர் வந்து, "அண்ணே, அந்த ரெண்டாவது ஷீட் விஷயம் என்னாச்சு?" என்பார். எண்ணிக்கையில் இரண்டும் ஒரே அளவாக இருக்கலாம். விளைவு ஒன்றல்ல என்பதே என் கருத்து. ஒரு வேலையை முடிக்காமல் அடுத்ததற்குத் தாவும்போது கவனத்தின் ஒரு பகுதி பழைய வேலையிலேயே தங்கிவிடுகிறது என்றும், அதனால் அடுத்த வேலையின் தரம் குறைகிறது என்றும் சோஃபி லெராய் 2009இல் சோதனைகளால் காட்டினார். அடுப்பை அணைத்தால் அந்தக் காரியம் அத்துடன் முடிந்துவிடும். இரண்டாம் தாளைப் பற்றிய கேள்வி முடிவதில்லை. அது கிளப்பிய சந்தேகத்தோடுதான் நாம் பழைய இடத்திற்குத் திரும்புகிறோம்.

குறுக்கீடுகளால் நேரம் வீணாகிறது என்ற வழக்கமான புகாரும் முழுச்சரியல்ல. குளோரியா மார்க் குழுவினரின் 2008ஆம் ஆண்டுச் சோதனையில், இடைமறிக்கப்பட்டவர்கள் வேலையை இன்னும் விரைவாகவே முடித்தார்கள். ஆனால் மன உளைச்சலும் எரிச்சலும் நேர நெருக்கடி உணர்வும் கூடின. ஆக, நாள் முடிவில் பட்டியலில் எத்தனை வேலைகளைக் கோடிட்டு அடித்தோம் என்று மட்டும் பார்க்கும் மேலாளருக்கு இந்த இழப்பு கண்ணில் படாது.

வீட்டின் உண்மையான பலவீனம் வேறு. மைக்ரோசாஃப்டின் 61,182 அமெரிக்க ஊழியர்களின் தொடர்புகளை அலசிய ஆய்வு, எல்லாரும் வீட்டிலிருந்து வேலை செய்த 2020இல் அவர்கள் தத்தம் குழுவுக்குள்ளேயே ஒடுங்கினார்கள், பிற பிரிவினரோடு இருந்த மெல்லிய தொடர்புகள் தேய்ந்தன என்று கண்டது. புதிய செய்தி பெரும்பாலும் அத்தகைய மெல்லிய தொடர்புகள் வழியாகத்தான் வரும். காணொளிக் கூட்டம் அதற்கு முழு மாற்றாகாது. மெலனி பிரக்ஸ், ஜொனதன் லெவாவ் இருவரும் 2022இல் வெளியிட்ட ஆய்வில், திரைவழிப் பேசிய இணைகள், நேரில் அமர்ந்த இணைகளைவிடக் குறைவான யோசனைகளையே உருவாக்கின. பார்வை திரையிலேயே குவிவதால் சிந்தனையும் குறுகுகிறது என்பது அவர்கள் தரும் விளக்கம். ஆனால் உருவான யோசனைகளில் நல்லதைத் தேர்ந்தெடுப்பதில் திரைவழிப் பேசியவர்கள் பின்தங்கவில்லை. யோசனை தேடும் கூட்டத்தைக் காணொளியில் வைத்துவிட்டு, ஏற்கெனவே முடிவாகிவிட்டதை அறிவிக்க எல்லாரையும் ராஃபிள்ஸ் பிளேஸ் அலுவலகத்துக்கு வரவழைக்கும் வழக்கம் எனக்குத் தலைகீழாகத் தெரிவது இதனால்தான்.

நூலகத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். 2005இல் திறக்கப்பட்ட விக்டோரியா ஸ்திரீட் தேசிய நூலகத்தின் மேல்மாடிகளில் உள்ள ஆய்வு நூலகத்தில் பேச்சொலி இல்லை, அடுப்பு இல்லை, பெயர் சொல்லி அழைப்பவர் இல்லை. நீண்ட அறிக்கையை எழுதவும் படிக்கவும் மூன்றில் இதுவே முதலிடம். ஆனால் வாடிக்கையாளர் விவரங்களைப் பொது இடத்தில் திறக்கப் பல நிறுவனங்கள் அனுமதிப்பதில்லை. தொலைபேசி வந்தால் எழுந்து ஓட வேண்டும். தேர்வுக் காலத்தில் மாணவர்கள் முந்திக்கொள்வார்கள்.

யோசனை தடைப்பட்டு நிற்கும்போது மூன்று மேசைகளுமே தோற்கின்றன. மரிலி ஒப்பெசோ, டேனியல் ஷ்வார்ட்ஸ் இருவரும் 2014இல் வெளியிட்ட ஸ்டான்ஃபர்ட் ஆய்வில், நடந்தவர்களின் புதிய யோசனைகள் சராசரியாக 60 விழுக்காடு கூடின. வெறுஞ்சுவரைப் பார்த்தபடி நடைப்பொறியில் நடந்தவர்களுக்கும் பலன் கிடைத்தது. ஒரே சரியான விடையைக் கண்டுபிடிக்க வேண்டிய புதிரில் அந்தப் பலன் இல்லை. ஆகவே பிடோக் நீர்த்தேக்கத்தைச் சுற்றி நடந்தால் பிழையைத் தடுக்கும் புதுவழி தோன்றலாம். பிழை எந்த வரிசையில் இருக்கிறது என்பதைத் திரும்பி வந்து அமர்ந்துதான் கண்டுபிடிக்க வேண்டும்.

இந்த வேறுபாடு விண்ணப்பத்திலும் உதவும். வேலை திருப்திகரமாக இருக்கும்போது, ஊழியர் கண்ணெதிரில் இருப்பதையே மேற்பார்வையாளர் விரும்புகிறார் என்பது மறுப்பதற்கு ஏற்ற காரணமாகாது என்று வழிகாட்டி நெறிமுறைகள் சொல்கின்றன. உற்பத்தித்திறன் பாதிக்கப்படும் என்பது ஏற்ற காரணம். எனவே "வாரம் இரண்டு நாள் வீட்டிலிருந்து வேலை" என்று மொட்டையாகக் கேட்பதைவிட, செவ்வாய், வியாழக்கிழமைகளில் கணக்குச் சரிபார்ப்பு வீட்டில், புதன்கிழமை யோசனைக் கூட்டம் அலுவலகத்தில் நேருக்கு நேர், தேர்வுசெய்யும் கூட்டம் காணொளியில் என்று வேலையின் பெயர் சொல்லிக் கேளுங்கள். மறுக்க நினைக்கும் மேலாளர், அந்தந்த வேலை அந்தந்த இடத்தில் ஏன் குறைபடும் என்பதைக் காரணம் காட்டி எழுத வேண்டியிருக்கும்.