பாதுவாவின் தேரையா, பிளாரன்ஸின் சிங்கமா?

மறுமலர்ச்சிக் கால இத்தாலியில் மேசைமேல் வைப்பதற்கென்றே சின்னச் சின்ன வெண்கல விலங்குகள் செய்தார்கள். அதில் இரண்டு வழிகள் உண்டு. 1500-ஐ ஒட்டிப் பாதுவா நகரத்துப் பட்டறைகளில் பிறந்த தேரை, நண்டு, பல்லி ஒரு பக்கம். 16-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் பிளாரன்ஸில் சிற்பி ஜாம்போலோஞா வடித்த குதிரை, காளை, சிங்கம் இன்னொரு பக்கம்.

முதலில் தேரை. இதில் பலவற்றுக்குச் சிற்பியின் கை உருவம் கொடுக்கவில்லை. செத்த தேரையையே களிமண்மேல் உட்கார வைத்து, மெல்லிய சாந்து பூசி அச்சு எடுத்தார்கள். அச்சைச் சுட்டால் உடம்பு சாம்பலாகிவிடும். சாம்பலை வெளியேற்றிவிட்டு, அந்த வெற்றிடத்தில் உருகிய உலோகத்தை ஊற்றுவார்கள். நம் சுவாமிமலையில் மெழுகு உருகி வெளியேறுகிற இடத்தில், இங்கே ஒரு உயிரின் உடம்பே போகிறது. அதனால்தான் முதுகின் ஒவ்வொரு கொப்புளமும், விரலிடுக்கின் தோல் மடிப்பும் அப்படியே நிற்கின்றன. பாதுவா பல்கலைக்கழக ஊர்; இந்தத் தேரைகள் அங்கே மைக்கூடாகவும் உட்கார்ந்தன. பழைய பட்டியல்கள் இவற்றையெல்லாம் பாதுவாச் சிற்பி அந்திரேயா ரிச்சோ கணக்கில் எழுதிவிடும். இன்றைய ஆய்வாளர்கள் அவ்வளவு உறுதியாகச் சொல்வதில்லை.

தேரைக்கு இந்த முறை பொருந்துகிறது, ஏனென்றால் அது உயிரோடிருக்கும்போதே அசையாமல்தான் உட்கார்ந்திருக்கும். நண்டுக்கும் ஓடு இருக்கிறது, தப்பித்துவிடும். பல்லியில்தான் குட்டு வெளிப்படுகிறது: வாலின் வளைவு யாரோ வளைத்து வைத்தது என்று தெரிந்துவிடும்.

அப்புறம் ஜாம்போலோஞாவின் சிங்கம். ஓரடி நீளத்துக்குள் அடங்குகிற வெண்கலம், குதிரையின் முதுகில் ஏறிக் கடிக்கிறது. யோசனை ரோமின் கேபிடோலின் குன்றிலுள்ள பழைய பளிங்குச் சிலையிலிருந்து வந்தது. ஆனால் அந்தப் பளிங்குக் குதிரைக்கு அப்போது தலையும் இல்லை, கால்களும் இல்லை. ஜாம்போலோஞா தானே யோசித்து, கழுத்தைப் பின்னால் முறுக்கி, வாயைப் பிளந்து, குதிரையைச் சிங்கத்தின் பக்கமே திரும்ப வைத்தார். செத்த குதிரையில் அச்சு எடுத்து இதைச் செய்ய முடியாது.

மூல வடிவத்தைப் பத்திரமாக வைத்துக்கொண்டு, அதிலிருந்து மெழுகுப் பிரதிகள் எடுத்து வார்த்ததால் ஒரே சிலைக்குப் பல பிரதிகள் கிடைத்தன. பிரதிக்குப் பிரதி முடிப்பு வேலை மாறும். ஜாம்போலோஞா பட்டறையின் கைதேர்ந்த கலைஞர் அந்தோனியோ சுசீனி அரமும் உளியும் போட்டு முடித்தவற்றில் பிடரி மயிர் இழை இழையாகத் தெரியும்.

தோலுக்குத் தேரை, உயிருக்குச் சிங்கம். ஒன்றைத்தான் எடுக்கலாம் என்றால் நான் சிங்கத்தைத்தான் எடுப்பேன். காரணம் கேட்டால் அதே ஜாம்போலோஞாவின் வான்கோழியைக் காட்டுவேன். அது சின்னச் சிலை இல்லை, கிட்டத்தட்ட நிஜ அளவு. 1567 வாக்கில், பிளாரன்ஸை ஆண்ட மெதிச்சி குடும்பத்தின் காஸ்தெல்லோ மாளிகைக்காகச் செய்தது, இப்போது பார்ஜெல்லோ அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அமெரிக்காவிலிருந்து வந்த அந்தப் பறவை ஐரோப்பாவுக்கு அப்போது புதுசு. இறகுகளை அவர் எண்ணி எண்ணிச் செதுக்கவில்லை, மெழுகைக் கிள்ளியும் இழுத்தும் விட்டிருக்கிறார். ஆனாலும் அது உடம்பைச் சிலிர்த்துக்கொண்டு கோபமாக நிற்கிறது.