பாத்தேக் சட்டைக்குள் கிளாக் 43எக்ஸ்

இடுப்பில் மறைத்து வைக்கக் கைத்துப்பாக்கி தேடுகிறவர்கள் முதலில் கேட்பது குழல் எவ்வளவு நீளம் என்றுதான். ஆனால் குழல் காற்சட்டைக்குள் கீழ்நோக்கி இறங்கிவிடும், வெளியே தெரியாது. சட்டையைத் தூக்கிக் காட்டிக்கொடுப்பது கைப்பிடியின் அடிமுனை. கிளாக் 43எக்ஸை மதிப்பிட இங்கிருந்துதான் தொடங்க வேண்டும். கைப்பிடிக்குள் செருகும் தோட்டாக் கூடான மேகசினோடு இதன் உயரம் 128 மில்லிமீட்டர். இதைவிடப் பெரியது என்று எல்லோரும் சொல்லும் கிளாக் 19-க்கும் அதே 128 மில்லிமீட்டர்தான். குழல் மட்டும் 102-லிருந்து 87 மில்லிமீட்டராகக் குறைகிறது. ஆகவே "சின்னது" என்று நம்பி இதை வாங்குகிறவருக்கு உயரத்தில் லாபம் எதுவும் இல்லை. லாபமெல்லாம் தடிமனில் இருக்கிறது: 19-ன் மொத்தத் தடிமன் 34 மில்லிமீட்டர், 43எக்ஸுக்கு 28. சுடும்போது பின்னே போய்வரும் மேற்பகுதியான ஸ்லைடு மட்டும் பார்த்தால் 22 மில்லிமீட்டர். கோலாலம்பூரில் ஜாக்கெட் போட்டுத் திரிய முடியாது. ஒற்றை அடுக்குப் பருத்திச் சட்டை, வியர்வையில் முதுகோடு ஒட்டிக்கொள்ளும் பாத்தேக், அவ்வளவுதான் மறைப்பு. அந்தச் சட்டைக்கு இந்த 6 மில்லிமீட்டர் பெரிய வித்தியாசம்.

இது யாருக்கான மதிப்பீடு என்பதையும் சொல்லிவிட வேண்டும். மலேசியாவில் 1960-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி போலீஸ் லைசென்ஸ் இல்லாமல் எந்தத் துப்பாக்கியும் தோட்டாவும் வைத்திருக்க முடியாது. மீறினால் 7 ஆண்டுவரை சிறை, அல்லது 10,000 வெள்ளிவரை அபராதம், அல்லது இரண்டும். 1971-ஆம் ஆண்டு கடுந்தண்டனைச் சட்டத்தின்கீழ் வழக்குப் போனால் 14 ஆண்டுவரை சிறையும் குறைந்தது 6 பிரம்படியும். லைசென்ஸ் கையில் உள்ள நகைக்கடைக்காரர்கள், ஓய்வுபெற்ற பின் மெய்க்காவலர் வேலைக்கு வந்த போலீஸ்காரர்கள், இவர்களுக்காகத்தான் இது. வாங்குவதற்கு முன்பே ஒப்புதல் தேவை. எங்கே எடுத்துச் செல்லலாம், எங்கே கூடாது என்பதை லைசென்ஸின் நிபந்தனைகளோடு ஒப்பிட்டு மாவட்டப் போலீஸ் தலைமையகத்தில் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள். கடைக்காரர் சொல் இதற்குப் போதாது.

இனி கைக்குள் எப்படி இருக்கிறது என்று பார்ப்போம். கைப்பிடி நீளமாக இருப்பதால் சுண்டுவிரல் உட்பட மூன்று விரலும் முழுதாகப் பிடிக்கின்றன. ஆனால் மெலிதாக இருப்பதால் பெரிய கை உள்ளவர் அதிகமாகச் சுற்றிப் பிடித்துவிடுவார். ட்ரிகரில் விரல்நுனிக்குப் பதில் முதல் மூட்டு உட்காரும், குண்டு ஒரு பக்கமாக இழுபடும். வலது கைக்காரரின் குண்டுகள் தொடர்ந்து வலப்பக்கம் விழுந்தால் குறிபார்க்கும் சைட்டைத் தட்டுவதற்கு முன் இதைத்தான் சோதிக்க வேண்டும். ட்ரிகருக்கு ஏறத்தாழ இரண்டரைக் கிலோ அழுத்தம் தேவை. சுட்டபின் விரலைக் கொஞ்சம் விட்டாலே மறுபடி சுடத் தயாராகிவிடுகிறது, அது நல்லது.

எடை வெற்று மேகசினோடு சுமார் 530 கிராம், 19-க்கு 680. நாள் முழுதும் இடுப்பில் இருக்கும்போது இந்த 150 கிராம் வரம். சுடும்போது அதே 150 கிராம் இல்லாதது வலி. ஒரே 9 மில்லிமீட்டர் தோட்டாவுக்கு 43எக்ஸ் கையில் அதிகம் உதறும். மணிக்கட்டைத் தளர்த்திப் பிடித்தால் ஸ்லைடு முழுதாகப் பின்னே போகாது, காலித் தோட்டா வெளியேறும் வாயிலில் நிமிர்ந்து நின்று அடைத்துக்கொள்ளும். துப்பாக்கி பழுது என்று கொண்டுவருகிறவர்களில் பலருக்குப் பழுது மணிக்கட்டில்தான். இன்னொரு வழக்கமான புகார், கடைசித் தோட்டா போனபின் ஸ்லைடு திறந்தபடி நிற்கவில்லை என்பது. வலது கட்டைவிரல், ஸ்லைடைத் திறந்தபடி நிறுத்தும் நெம்புகோலான ஸ்லைடு ஸ்டாப் மேல் சாய்ந்து அதை அழுத்திக்கொண்டிருக்கும், அதுதான் காரணம். இடது கைக்காரர் கவனிக்க வேண்டியது: மேகசின் பொத்தானைப் பக்கம் மாற்றிப் பொருத்தலாம், ஸ்லைடு ஸ்டாப் இடப்பக்கம் மட்டுமே உண்டு.

கம்பெனி தரும் பிளாஸ்டிக் சைட் எனக்குப் பிடிக்கவில்லை. உறையில் போட்டு எடுக்க எடுக்க முன் சைட்டின் விளிம்பு மழுங்கிவிடும். எஃகு சைட்டுக்கு மாற்றும் செலவையும் துப்பாக்கி விலையோடு சேர்த்தே கணக்கிடுங்கள்.

மேகசினில் 10 தோட்டா, குழலின் பின்முனையிலுள்ள அறையில் ஒன்று. இதே மேகசின் இடத்தில் 15 கொள்ளும் எஃகு மேகசின்களை ஷீல்ட் ஆர்ம்ஸ் கம்பெனி செய்கிறது, இணையத்தில் எல்லோரும் அதைப் பற்றிப் பேசுகிறார்கள். உயிர்காப்புக்கு வைத்திருக்கும் துப்பாக்கிக்கு நான் அதைச் சொல்லமாட்டேன். எஃகு மேகசின், தன்னைப் பிடித்து நிறுத்தும் பிளாஸ்டிக் கொக்கியைத் தேய்த்துவிடும், அதனால் உலோகக் கொக்கியும் மாற்ற வேண்டிவரும். ஒரு கம்பெனியின் உடலில் இன்னொரு கம்பெனியின் இரண்டு பாகங்கள் சேர்ந்தபின், தோட்டா ஏறவில்லையென்றால் குறை எதில் என்று கண்டுபிடிப்பதே தனி வேலையாகிவிடும்.

போட்டிக்கு நிற்பவற்றில் சிக் பி365 தான் உண்மையான போட்டி. 2018-ல் வந்தது, அதிலும் 10 தோட்டா, ஆனால் உயரம் 109 மில்லிமீட்டர்தான். மறைப்பதில் அது வெல்கிறது, சந்தேகமில்லை. அதற்குக் கொடுக்கும் விலை சுண்டுவிரல்: அது பிடிக்க இடமில்லாமல் அடியில் தொங்கும், அடுத்தடுத்துச் சுடும்போது பிடி நழுவும். ஒல்லியான உடம்பு, சட்டையை உள்ளே விடும் வேலை என்றால் பி365. சற்றுப் பருமன், சட்டை வெளியே என்றால் 43எக்ஸ். ஸ்மித் அண்ட் வெஸன் 642 ரிவால்வர் சுமார் 410 கிராம், தளர்ந்த மணிக்கட்டாலும் அடைக்காது. ஆனால் 5 தோட்டா, ஐந்து கிலோவுக்கு மேல் அழுத்தம் கேட்கும் ட்ரிகர், கையைக் குத்தும் உதறல். வயதானவருக்கு "எளிது" என்று அதைத் தள்ளிவிடுகிறார்கள். உண்மையில் துல்லியமாகச் சுட அதிகப் பழக்கம் கேட்பது அதுதான்.

உறையில் பணத்தை மிச்சம் பிடிக்கவே கூடாது. 43எக்ஸில் கையால் போடும் சேஃப்டி இல்லை. உள்ளே மூன்று பாதுகாப்புகள் இருந்தாலும், ட்ரிகரை எது அழுத்தினாலும், அது விரலோ சட்டை நுனியோ, துப்பாக்கிக்கு ஒன்றுதான். அதனால் ட்ரிகர் கூடு முழுவதையும் மூடும் கைடெக்ஸ் என்னும் கெட்டிப் பிளாஸ்டிக் உறைதான் வேண்டும். சட்டைப்பையில், பௌச்சில், வெறும் இடுப்பில் செருகுவது எதற்கும் இடமில்லை. தோல் உறை அழகுதான், ஆனால் நம் வியர்வையில் ஊறி ஊறி வாய் தளர்ந்து உள்ளே மடியும். துப்பாக்கியைத் திரும்பச் செருகும்போது அந்த மடிப்பே ட்ரிகரை அழுத்திச் சுட்டுவிடலாம். கைடெக்ஸுக்கு வேறொரு எதிரி வெயில்: மூடிய காரின் டேஷ்போர்டில் வெறும் உறையை விட்டுப்போனாலும் வளைந்து பிடி தளரும். வாங்கியதும் காலித் துப்பாக்கியை உறையில் போட்டுத் தலைகீழாக உதறிப் பாருங்கள், விழக்கூடாது. உறையின் பக்கவாட்டில் கைப்பிடியை உடம்போடு அழுத்தும் சிறு கொம்பு இருக்க வேண்டும். நீளமான கைப்பிடியை அடக்குவது அந்தக் கொம்பும் கெட்டியான பெல்ட்டும்தான். மெல்லிய ஆபீஸ் பெல்ட்டில் எவ்வளவு நல்ல உறையும் வெளிப்பக்கம் சாயும். திரும்பச் செருகும்போது அவசரமே கூடாது: சட்டையை இன்னொரு கையால் நெஞ்சுவரை தூக்கி, உறையின் வாயைக் கண்ணால் பார்த்து, விரலை ஸ்லைடோடு நீட்டி வைத்து, மெதுவாக இறக்க வேண்டும்.

காரில் அதிக நேரம் இருப்பவர் உறையை வாங்குமுன் தன் சீட்டில் உட்கார்ந்து பெல்ட் போட்டுப் பார்ப்பது நல்லது. வலது இடுப்பில் சற்றுப் பின்னால், கடிகாரத்தின் நான்கு மணித் திசையில் வைத்தால் நம் வலப்பக்க ஸ்டியரிங் காரில் சீட் பெல்ட்டின் கொக்கி இடப்பக்கம் இருப்பதால் இடிக்காது, ஆனால் சீட்டின் முதுகு கைப்பிடியை முன்னே தள்ளும். தொப்பை உள்ளவருக்கு முன்வயிற்று வைப்பு உட்கார்ந்ததும் அடிவயிற்றில் குத்தும்.

புதிய துப்பாக்கியை உடனே இடுப்பில் ஏற்றாதீர்கள். லைசென்ஸில் தோட்டாவுக்கும் கணக்கு உண்டு என்பதால், சுபாங் போன்ற துப்பாக்கி சுடும் திடலில் பயிற்சிக்குக் கிடைப்பதைச் சிக்கனமாகச் செலவிட வேண்டும். சாதாரணத் தோட்டாவில் 200, எப்போதும் ஏற்றி வைக்கப்போகும் அதே ரகத்தில் 50, ஒரு அடைப்பும் இல்லாமல் போனால் நம்பலாம். அடைத்தால் எந்த மேகசின் என்று குறித்துக்கொள்ளுங்கள்: மேகசின்களில் பெயின்டால் எண் போட்டு வைத்தால், குறை ஒரே எண்ணில் திரும்பத் திரும்ப வருவது தெரியும். ஒற்றைக் கையிலும் ஒரு மேகசின் சுட்டுப் பாருங்கள், தளர்ந்த பிடியின் குறை அப்போதுதான் வெளியே வரும்.

பராமரிப்பில் நம் ஊருக்கென்று தனிக் கவலை துரு. ஸ்லைடின் மேற்பூச்சு நன்றாகத் தாங்குகிறது. துரு முதலில் பிடிப்பது பூச்சு மெலிந்த சிறு பாகங்களில்: எஃகு சைட்டின் ஓரம், திருகுகள், பின்கள். இரவில் கழற்றியதும் உலர்ந்த துணியால் வியர்வையைத் துடைத்து, எண்ணெய் தொட்ட துணியால் ஒருமுறை தடவினால் போதும். உள்ளே எண்ணெய் குறைவாக இருப்பதே நல்லது: ஸ்லைடு ஓடும் தண்டவாளங்களில் ஒவ்வொரு துளி, ட்ரிகர் பட்டையின் பின்முனை கனெக்டர் என்னும் சிறு உலோகத் தகட்டைத் தொடும் இடத்தில் ஒரு துளி. தோட்டாவைக் குத்தி வெடிக்கவைக்கும் ஃபயரிங் பின் ஓடும் துளையில் எண்ணெய் விடவே கூடாது. தூசியோடு சேர்ந்து பசையாகி, பின் மெதுவாக ஓடும், தோட்டா வெடிக்காமல் போகும்.

கிளாக்கைப் பிரிக்க ட்ரிகரை அழுத்தியாக வேண்டும். சிக் பி365-ல் அது தேவையில்லை, இந்த ஒரு விஷயத்தில் சிக் மேல். ஆகவே ஒழுங்கு பிசகக்கூடாது. முதலில் மேகசின் வெளியே. பிறகு ஸ்லைடை இழுத்து அறையிலிருக்கும் தோட்டாவை வெளியேற்றி, ஸ்லைடைத் திறந்து நிறுத்தி, கண்ணால் பார்த்து, சுண்டுவிரலால் தொட்டுப் பார்த்து, பிறகுதான் ட்ரிகர். வரிசை மாறி முதலில் ஸ்லைடை இழுத்துவிட்டுப் பிறகு மேகசினை எடுத்தால், மேகசினிலிருந்து புதிதாக ஒன்று அறைக்குள் ஏறி உட்கார்ந்திருக்கும். வீட்டில் விபத்து நடக்கும் வழிகளில் இதுவும் ஒன்று.

தினமும் இரவில் அறைத் தோட்டாவை எடுத்து, காலையில் அதையே திரும்ப ஏற்றுகிறவர்கள் கவனிக்கவும். ஒவ்வொரு முறை ஏறும்போதும் குண்டின் மூக்கு மோதி, கொஞ்சம் கொஞ்சமாகத் தோட்டாவின் உலோகக் கூட்டுக்குள் அமுங்கும். உள்ளே இடம் குறைந்தால் சுடும்போது அழுத்தம் ஏறும், ஆபத்தான அளவுக்கே ஏறலாம். வாரம் ஒருமுறை அந்தத் தோட்டாவைப் பெட்டியிலுள்ள புதிய ஒன்றின் பக்கத்தில் நிறுத்தி உயரம் பாருங்கள். கண்ணுக்கே குட்டையாகத் தெரிந்தால் அதைச் சுடக்கூடாது, திடலிலும் கூடாது. தனியாக எடுத்து வைத்து, கடையிலோ போலீஸிலோ ஒப்படைத்துக் கணக்கில் எழுதச் சொல்லுங்கள்.