சிங்கப்பூர் கப்பல் பயணத்துக்குப் பணம் கட்டப் போகிறவர்கள் கவனத்துக்கு: முகவர் அச்சடித்துத் தரும் வவுச்சரை நம்பாதீர்கள்

கோடை விடுமுறைக்குச் சிங்கப்பூரிலிருந்து சொகுசுக் கப்பலில் போய்வர நினைக்கும் குடும்பங்களுக்காக இதை எழுதுகிறேன். கடந்த ஆண்டு நான், என் கணவர், என் அம்மா, மகள் ஆகிய நால்வரும் சென்னையில் உள்ள ஒரு சுற்றுலா முகவரிடம் பணம் கட்டி, ஒரு குழுவோடு சேர்ந்து சிங்கப்பூர், பினாங்கு, புக்கெட், மீண்டும் சிங்கப்பூர் என்று போய்வந்தோம். நுகர்வோர் ஆணையத்தில் புகார் நிலுவையில் இருப்பதால் முகவரின் பெயரை இங்கே எழுதவில்லை. அவர் செய்ததை மட்டும் எழுதுகிறேன். இதே முறையில் விற்பவர்கள் ஊருக்கு நாலு பேர் இருக்கிறார்கள்.

கப்பலில் எங்களை யாரும் ஏமாற்றவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முகவர் எங்களுக்கு விற்றது ஒரு பயணம். எங்கள் பெயரில் கப்பல் நிறுவனத்திடம் அவர் வாங்கி வைத்திருந்தது வேறொரு பயணம். அந்த வித்தியாசம் கப்பலில் ஏறிய பிறகுதான் எங்கள் கண்ணில் பட்டது. நடுக்கடலில் தெரிந்து என்ன செய்ய முடியும்?

அறையிலிருந்தே தொடங்குகிறேன். அம்மாவுக்கு மூடிய அறையில் மூச்சு முட்டும். அதனால் கடல் தெரியும் அறைதான் வேண்டும் என்று வாட்ஸ்அப்பில் எழுதிக் கேட்டிருந்தேன். "ஓஷன் வியூ உறுதி மேடம்" என்று பதில் வந்தது. வவுச்சரிலும் அப்படியே அச்சிட்டிருந்தது. அறைக்குள் நுழைந்து திரையை விலக்கினால் ஜன்னல் முழுக்க ஆரஞ்சு நிறம். கண்ணாடிக்கு மிக அருகில் ஓர் உயிர்காப்புப் படகு தொங்கிக்கொண்டிருந்தது. அதன் பக்கவாட்டில் பெரிதாக எழுதிய எண்ணும், உப்பு பூத்த இரும்புக் கொக்கியும்தான் கட்டிலில் படுத்தால் தெரிந்தன. படகின் விளிம்புக்கும் ஜன்னல் சட்டத்துக்கும் நடுவே கையகல இடைவெளி. அம்மா அதன் வழியாகத்தான் கடலைப் பார்த்தார்.

விருந்தினர் சேவைப் பிரிவில் முறையிட்டபோது, அங்கிருந்த பெண் கணினித் திரையையே எங்கள் பக்கம் திருப்பிக் காட்டினார். காட்சி மறைக்கப்பட்ட அறை என்று வகைப்படுத்தி, அதற்கென்று குறைத்த கட்டணத்தில் விற்கப்பட்ட அறை அது. முகவர் தெரிந்தேதான் அதைத் தேர்ந்தெடுத்திருக்கிறார். எங்களிடம் முழுக் காட்சி அறைக்கான தொகையை வாங்கிக்கொண்டார். கப்பல் நிரம்பிவிட்டதால் மாற்றித்தர வழியில்லை. அதே திரையில் இன்னொன்றும் தெரிந்தது. அம்மா வெங்காயம், பூண்டு சேர்க்க மாட்டார் என்று சொல்லி, "ஏற்பாடு செய்துவிட்டோம்" என்ற பதிலும் வாங்கியிருந்தேன். சிறப்பு உணவு என்ற இடம் காலியாக இருந்தது. முதல் இரவு அம்மா பழமும் தயிரும் சாப்பிட்டுப் படுத்தார். உணவுக்கூடத் தலைமைப் பரிசாரகர் விவரம் கேட்டறிந்து, மறுநாள் உணவுப் பட்டியலை முந்தின இரவே கொண்டுவந்து காட்டி, அம்மா குறித்துக் கொடுத்ததைத் தனியாகச் சமைக்க வைத்தார். முன்கூட்டித் தெரிவித்திருந்தால் முதல் வேளையிலேயே செய்திருப்போம் என்று அவர் வருத்தப்பட்டார். பணம் வாங்கிய மனிதருக்கு இல்லாத அக்கறை அவருக்கு இருந்தது.

அடுத்தது சேவைக் கட்டணம். இதைத்தான் அதிகம் பேர் தெரியாமல் போய் மாட்டிக்கொள்கிறார்கள். பெரும்பாலான பெரிய கப்பல்களில் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 15 முதல் 20 அமெரிக்க டாலர் வரை பணியாளர்களுக்கான தொகையாக உங்கள் அறைக் கணக்கில் தானாகவே ஏறும். குழந்தைக்கும் உண்டு. குளிர்பானம், காபி போன்றவற்றைத் தனியாக வாங்கினால் அந்த விலையின் மேலும் சுமார் 18 சதவீதம் சேரும். நாங்கள் கட்டிய தொகையில் இது அடங்குமா என்று குறிப்பாகக் கேட்டிருந்தேன். "டிப்ஸ் உட்பட எல்லாம் அடக்கம்" என்று எழுதித் தந்தார். கடைசி இரவில் வந்த கணக்கில் நால்வருக்கும் சேர்த்து ஏறக்குறைய 24,000 ரூபாய் இருந்தது.

சிங்கப்பூரில் இறங்கும் முன்பே முகவரைத் தொலைபேசியில் பிடித்தேன். அவர் சொன்ன பதில் இன்னும் எனக்கு ஆறவில்லை. "கவுன்டரில் போய் வேண்டாம் என்று சொல்லுங்கள், எடுத்துவிடுவார்கள், எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள்" என்றார். எங்கள் குழுவில் சிலர் வரிசையில் நின்று அதை நீக்கவும் செய்தார்கள். சில நிறுவனங்கள் அதற்கு இடம் தருகின்றன என்பது உண்மைதான். ஆனால் அந்தப் பணம் யாருக்குப் போகிறது? அறையைக் காலையும் மாலையும் துடைத்து வைத்தவர், சாப்பாடு பரிமாறியவர், அடித்தளத்தில் நம் கண்ணில் படாமலே துணி துவைத்தவர், தட்டு கழுவியவர் ஆகியோருக்குத்தான். பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா, நம் நாடு என்று பல இடங்களிலிருந்து வந்து, பல மாத ஒப்பந்தத்தில், வார விடுமுறையே இல்லாமல் உழைப்பவர்கள் அவர்கள். எங்களுக்குக் கடன்பட்டவர் முகவர். அவருடைய கடனை அந்தத் தொழிலாளிகளின் பையிலிருந்து வசூலிக்கச் சொல்வது அயோக்கியத்தனம். நாங்கள் முழுத் தொகையையும் கட்டினோம், ரசீதை வாங்கிக்கொண்டோம். அந்த ரசீதுதான் இப்போது வழக்கில் முதல் சான்று.

இந்தக் கணக்கைத் தீர்க்க டெபிட் கார்டைக் கொடுக்காதீர்கள். ஏறும்போதே ஒரு தொகையை நிறுத்தி வைப்பார்கள். இறங்கிய பிறகும் அது விடுபடச் சில நாட்கள் ஆகும். அதற்குள் ஊர் திரும்பும் செலவுக்குக் கையில் பணம் இல்லாமல் போகலாம்.

"தமிழ் பேசும் குழு மேலாளர் உடன் வருவார்" என்பதும் நாங்கள் காசு கொடுத்து வாங்கியதுதான். அவர் வந்தார். விடியும் முன்பே நீச்சல் குளத்தருகே ஒரு வரிசை நாற்காலிகள் முழுவதிலும் துண்டு விரித்துவிட்டு, குழுவைச் சாவகாசமாகச் சிற்றுண்டிக்கு அழைத்துப் போனார். ஆளில்லாத நாற்காலியிலிருந்து பணியாளர்கள் துண்டை எடுத்து வைத்ததும் அவர்களிடம் சண்டைக்குப் போனார். அரங்கில் முன்வரிசைகளைக் கைப்பைகளால் மறித்தார். வயதான ஒரு தம்பதி இடம் கேட்டபோது, முகத்தைக்கூடப் பார்க்காமல் பின்பக்கம் கையைக் காட்டினார். என் அம்மா எழுந்து தன் இருக்கையை அந்த அம்மாளுக்குக் கொடுத்தார். கரையில் சாப்பிட ரொட்டியும் ஆப்பிளும் பையில் எடுத்துக்கொள்ளுங்கள் என்று மேலாளர் எங்களுக்கே யோசனை சொன்னார். கப்பலின் உணவைத் துறைமுகத்தில் இறக்கக் கூடாது என்பது அடிப்படை விதி. பழம், காய் மீது தாவர நோய்த் தடுப்புச் சட்டமும் பாயும். உணவுக்கூட வாசலில் கை கழுவத் தொட்டிகள் இருந்தன. அதைத் தாண்டி நேராகப் பரிமாறும் கரண்டியைப் பிடித்தார். கப்பல்களில் வாந்தி, வயிற்றுப்போக்கைப் பரப்பும் நோரோ வைரஸுக்குக் கிருமிநாசினி ஜெல் சரியாக வேலை செய்யாது, சோப்பும் தண்ணீரும்தான் வேண்டும். அதற்காகத்தான் அந்தத் தொட்டிகளை வாசலில் வைத்திருக்கிறார்கள்.

இவற்றையெல்லாம்கூட மன்னிக்கலாம். ஆபத்து வந்தால் எந்தப் படகுக்குப் போக வேண்டும் என்று காட்டும் அவசரகாலப் பயிற்சியில் செய்ததை மன்னிக்க முடியாது. "அது கட்டாயமில்லை, சாப்பிடப் போங்கள்" என்று குழுவில் செய்தி அனுப்பினார். 2012 ஜனவரி 13 அன்று இத்தாலியின் ஜிலியோ தீவருகே கோஸ்டா கான்கார்டியா என்ற சொகுசுக் கப்பல் பாறையில் மோதிச் சாய்ந்தது. 32 பேர் இறந்தார்கள். அன்று ஏறிய நூற்றுக்கணக்கான பயணிகளுக்குப் பயிற்சியே நடந்திருக்கவில்லை. 24 மணி நேரத்துக்குள் நடத்தினால் போதும் என்றுதான் அப்போது விதி இருந்தது. அதன் பிறகு விதியை மாற்றினார்கள். 2015 முதல், கப்பல் புறப்படும் முன்போ புறப்பட்ட உடனேயோ புதிதாக ஏறிய பயணிகளுக்குப் பயிற்சி நடந்தாக வேண்டும். எங்கள் குழுவினரின் பெயர்களை ஒலிபெருக்கியில் ஒவ்வொன்றாக அழைத்தார்கள். எங்கள் படகு நிலையத்தில் வந்து நின்றிருந்த மற்ற பயணிகள் எங்களைப் பார்த்த பார்வையை மறக்க முடியவில்லை. பெண் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறேன். எந்தப் படகுக்கு ஓட வேண்டும் என்பது எனக்குத் தெரிய வேண்டாமா?

பினாங்கில் முன்பணம் கட்டிய சுற்றுலா வேன் வரவேயில்லை. தண்ணீர்மலை முருகனைப் பார்க்கலாம் என்று அம்மா ஆசையோடு இருந்தார். காத்திருந்து நேரம் போனதால், துறைமுகத்திலிருந்து நடந்தே குயின் தெரு மகாமாரியம்மன் கோயிலுக்குப் போய்த் திரும்பினோம்.

புக்கெட்டில் நடந்தது இன்னும் மோசம். கப்பல் பதோங் கடற்கரைக்கு எதிரே நங்கூரமிட்டு, சிறு படகுகளில் எங்களை இறக்கியது. தாய்லாந்து நேரம் சிங்கப்பூருக்கு ஒரு மணி நேரம் பின்தங்கியது. கப்பல் கடைப்பிடித்தது சிங்கப்பூர் நேரம். கடைசிப் படகு எப்போது என்பதைக் கப்பல் நேரத்தில் அறிவித்திருந்தார்கள். மேலாளர் அதை உள்ளூர் நேரமாக எடுத்துக்கொண்டு ஒரு நகைக்கடையில் குழுவை உட்கார வைத்திருந்தார். என் கணவர் கைக்கடிகாரத்தை மாற்றாமல் வைத்திருந்ததால் நாங்கள் முன்பே கிளம்பினோம். மற்றவர்கள் கடற்கரை மணலில் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடிவந்து ஏறினார்கள். கப்பல் நிறுவனமே நடத்தும் சுற்றுலாவில் போனவர்கள் தாமதித்தால் கப்பல் காத்திருக்கும், அல்லது அடுத்த துறைமுகத்துக்கு அவர்களே அனுப்பி வைப்பார்கள். வெளியாட்களின் வேனில் போனவர்களுக்காகக் காத்திருக்காது. விட்டுப்போனால் விமான டிக்கெட்டும் தங்கும் செலவும் உங்கள் தலையில்தான்.

கப்பல் திரும்பும்போது சிங்கப்பூருக்குள் மறுபடியும் நுழைகிறீர்கள். விசா இரண்டாம் நுழைவுக்கும் செல்லுபடியாக வேண்டும். மின்னணு வருகை அட்டையையும் மறுபடி நிரப்ப வேண்டும். சிங்கப்பூர் குடிநுழைவுத் துறையின் தளத்தில் அது முற்றிலும் இலவசம். எங்களிடம் தலைக்கு 500 ரூபாய் வாங்கியும் முகவர் இரண்டாவது அட்டையை நிரப்பவில்லை. கடைசி இரவில் கப்பலின் இணையத்தைக் காசு கொடுத்து வாங்கி நாங்களே நிரப்பினோம். கைபேசியை ஏரோப்ளேன் மோடில் வைத்திருங்கள். சிங்கப்பூருக்கு என்று வாங்கிய ரோமிங் திட்டம் கப்பலின் செயற்கைக்கோள் இணைப்புக்குப் பொருந்தாது, கட்டணம் தாறுமாறாக ஏறும்.

ஊர் திரும்பிய பிறகும் ஓர் அதிர்ச்சி காத்திருந்தது. வெளிநாட்டுச் சுற்றுலாத் தொகுப்புக்கு முகவர் வரி வசூலித்து, நம் பான் எண்ணில் அரசுக்குக் கட்ட வேண்டும். டிசிஎஸ் என்பது அதுதான். 3,60,000 ரூபாய்த் தொகுப்புக்கு 5 சதவீதம் என்று 18,000 ரூபாய் வாங்கியிருந்தார். வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யும்போது அதைக் கழித்துக்கொள்ளலாம். நம் பான் எண்ணில் கட்டிய வரியைக் காட்டும் படிவம் 26ஏஎஸ்ஸில் எனக்கு அப்படி ஒரு தொகையே பதிவாகவில்லை. வரி வசூலித்ததற்கு முகவர் தர வேண்டிய படிவம் 27டி சான்றிதழைக் கேட்டேன். அன்றோடு தொலைபேசியை எடுப்பதை நிறுத்திவிட்டார். அரசின் பெயரைச் சொல்லி வாங்கிய பணம் இது. உங்களில் யாராவது ஏற்கெனவே இப்படிப் பயணம் போயிருந்தால் 26ஏஎஸ்ஸை எடுத்துப் பாருங்கள்.

பணம் கட்டும் முன் ஒன்றை மட்டும் வற்புறுத்திக் கேளுங்கள்: கப்பல் நிறுவனமே அனுப்பும் முன்பதிவு உறுதிச்சீட்டு, அதிலுள்ள பதிவு எண்ணோடு. அந்த எண்ணை நிறுவனத்தின் தளத்திலோ செயலியிலோ நீங்களே உள்ளிட்டுப் பாருங்கள். அறை வகை, அறை எண், சேவைக் கட்டணம் முன்பே கட்டியாகிவிட்டதா, சிறப்பு உணவு பதிவாகியிருக்கிறதா எல்லாம் அங்கே தெரியும். அறை எண் கிடைத்தால் கப்பலின் அடுக்கு வரைபடத்தில் உயிர்காப்புப் படகு எங்கே தொங்குகிறது என்பதையும் பார்த்துவிடலாம். முன்தொகை வாங்கிய பிறகும் "புறப்படும் வாரம் தருகிறோம்" என்று இழுத்தடிப்பவரிடம் மீதிப் பணத்தைக் கட்டாதீர்கள்.

நான் முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் செய்தேன். அதற்குப் பிறகு வருகை அட்டைக்கு வாங்கிய 2,000 ரூபாய் மட்டும் திரும்பி வந்தது. பிறகு நுகர்வோர் வழக்குகளுக்கான இ-ஜாக்ரிதி இணையதளத்தின் வழியாக மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போட்டேன். கட்டிய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் மனுக் கட்டணம் கிடையாது. முகவர் எந்த ஊரில் இருந்தாலும் நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே போடலாம். இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும்.

எங்கள் குழுவில் வந்த குடும்பங்கள் யாராவது இதைப் படித்தால், முகவரின் வவுச்சர், வாட்ஸ்அப் செய்திகள், கப்பலின் இறுதிக் கணக்கு ஆகியவற்றை அழித்துவிடாதீர்கள். ஒரே குறைக்காகப் பலர் சேர்ந்து, ஆணையத்தின் அனுமதியோடு ஒரே மனுவாக நடத்தச் சட்டத்தில் இடம் இருக்கிறது. குழுவின் பழைய வாட்ஸ்அப் பட்டியலில் என் எண் இருக்கிறது, அழையுங்கள்.