கோன் ஃபில்டரோடு இரண்டு மழைக்காலம்

என் வண்டி பழைய கார்புரேட்டர் 350 சிசி. ஏர் ஃபில்டரை மூடி வைக்கும் பெட்டியான கம்பெனி ஏர் பாக்ஸைக் கழற்றிவிட்டு, எண்ணெய் தடவும் பருத்தித் துணியால் ஆன, கூம்பு வடிவ, மூடியில்லாத கோன் ஃபில்டர் மாட்டி, இரண்டு வடகிழக்குப் பருவமழை பார்த்துவிட்டேன். “மழையில் ஓட்டலாமா?” என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். ஓட்டலாம். தண்ணீர் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பதுதான் முக்கியம்.

மாட்டுவது அரை மணி நேர வேலை. ஆனால் காற்று கூடுதலாகப் போகும், பெட்ரோல் பழைய அளவிலேயே வரும். முதல் வாரம் ஆக்சிலரேட்டரை விட்டாலே சைலன்சர் படபடவென்று வெடித்தது. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினால் முனை சுண்ணாம்பு வெள்ளை, பெட்ரோல் போதவில்லை என்று அர்த்தம். புதுப்பேட்டையில் அலைந்து கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் மெயின் ஜெட்டைப் பெரிய அளவில் வாங்கினேன். “பிளக் காப்பிப்பொடி நிறம் வரணும் தம்பி, அதுவரைக்கும் விடக்கூடாது” என்று மெக்கானிக் அண்ணன் மூன்று ஜெட் மாற்றிப் பார்த்தார்.

மேலிருந்து விழும் மழையை டேங்கும் சீட்டும் பெரும்பாலும் தடுத்துவிடும். மீறிப் போகிற நாலு துளி இன்ஜின் சூட்டில் ஆவியாகிவிடும். பின் சக்கரம் வாரி இறைக்கும் சேற்றுத் தண்ணீரும், பக்கத்தில் போகும் பஸ் கிளப்பும் அலையும்தான் ஆபத்து. போன நவம்பரில் வேளச்சேரியில் அப்படி ஓர் அலை அடித்து வண்டி இருமி நின்றது. நல்லவேளை, கிக்கரை உதைக்கவில்லை. காற்றை அமுக்குவதுபோல் தண்ணீரைப் பிஸ்டனால் அமுக்க முடியாது. பிஸ்டனைப் பிடித்திருக்கும் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். ஓரமாகத் தள்ளிப்போய் பிளக்கைக் கழற்றி மெதுவாக உதைத்தேன். ஓட்டை வழியே தண்ணீர் பீய்ச்சி அடித்தது.

ஃபில்டர் சொதசொதவென்று ஊறியிருந்தது. கோடையில் எண்ணெய் தடவியதோடு சரி, அப்புறம் தொடவே இல்லை. எண்ணெய்ப் பசை போனால் துணி தண்ணீரைத் தடுக்காது. அதிலிருந்து அதற்கான கிளீனரில் கழுவி, நிழலில் காயவைத்து, அளவாக எண்ணெய் விடுகிறேன். அதிகமானால் கார்புரேட்டருக்குள் இறங்கிவிடும். பெட்ரோலில் கழுவாதீர்கள், காற்றடித்துக் காயவைக்காதீர்கள். பின் சக்கரத்துக்கும் ஃபில்டருக்கும் நடுவே ஒரு ரப்பர் ஷீட்டும் கட்டியிருக்கிறேன். ஃபில்டர் மேல் மாட்டிய மழை உறையைவிட அதுதான் அதிகம் உதவியது.

பிக்கப்? சத்தம் கூடிய அளவுக்கு இல்லை. சென்னை டிராஃபிக்கில் எனக்கு வித்தியாசமே தெரியவில்லை, மைலேஜ்தான் லிட்டருக்கு மூன்று கிலோமீட்டர் குறைந்தது. ஈசிஆரில் (கிழக்குக் கடற்கரைச் சாலை) கூட்டமில்லாதபோது மட்டும் கொஞ்சம் சுகம்.

கழற்றிய ஏர் பாக்ஸையும் பழைய ஜெட்டையும் தயவுசெய்து பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள். என்னுடையது பரணில் இருக்கிறது. இந்த அக்டோபரில் அதையே திரும்ப மாட்டி, மழை விடும்வரை ஓட்டப்போகிறேன்.