டெபியனில் குனோமும் எக்ஸ்எஃப்சிஇயும் ஒன்றாக: சில வருட அனுபவம்

டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தின் 12-ஆம் பதிப்பு வந்த 2023-லிருந்து வீட்டு மடிக்கணினியில் குனோம், எக்ஸ்எஃப்சிஇ என்று இரண்டு டெஸ்க்டாப்கள் (திரையின் தோற்றத்தையும் மெனுக்களையும் தரும் மென்பொருள்கள்) இருக்கின்றன. 4 ஜிபி ரேம்தான், அதனால் எனக்கு இலகுவான எக்ஸ்எஃப்சிஇ. தங்கைக்குக் குனோம் பழகிவிட்டது. யார் நுழைந்தால் எது திறக்க வேண்டும் என்பதுதான் விஷயம்.

இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் வழி, டெர்மினலில் (கட்டளைகளைத் தட்டும் சாளரம்) அப்டேட் ஆல்டர்னேட்டிவ்ஸ் கட்டளையால் எக்ஸ் செஷன் மேனேஜரை, அதாவது இயல்பாகத் திறக்கும் டெஸ்க்டாப்பை, மாற்றுவது. மாற்றிய பிறகும் பழைய டெஸ்க்டாப்பே வந்து நிற்கும்! லாகின் திரையைக் காட்டும் ஜிடிஎம், லைட்டிடிஎம் போன்றவை ஒவ்வொரு பயனரும் கடைசியாக எதில் நுழைந்தார் என்று தனித்தனியாகக் குறித்துவைக்கின்றன. முதல் மரியாதை அந்தக் குறிப்புக்குத்தான்.

லைட்டிடிஎம் காட்டும் டெஸ்க்டாப் பட்டியலில் 'டிஃபால்ட் எக்ஸ்செஷன்' என்று ஒன்று இருக்கும். அதைத் தேர்ந்தால், அல்லது லாகின் திரையே இல்லாமல் டெஸ்க்டாப்பைத் தொடங்கும் ஸ்டார்ட்எக்ஸ் கட்டளையைக் கொடுத்தால், அப்போதுதான் ஆல்டர்னேட்டிவ்ஸ் பேச்சு எடுபடும். அதிலும் உங்கள் ஹோம் ஃபோல்டரில் எக்ஸ்செஷன் கோப்பு இருந்தால் அது முந்திக்கொள்ளும். எக்ஸ் என்ற பழைய திரை அமைப்புக்குப் பதிலாக வந்த வேலேண்டில் ஓடும் குனோமுக்கு இதெல்லாம் பொருட்டே இல்லை.

ஆகவே அவரவர் லாகின் திரையில் ஒருமுறை தேர்ந்துவிட்டால் போதும். ஜிடிஎம்மில் பெயரைச் சொடுக்கிய பிறகுதான் கீழ் மூலையில் பல்சக்கரம் தெரியும். கடவுச்சொல் அடிப்பதற்குள் அதைத் தொட வேண்டும். டெபியன் 13-க்கு மாறியபோதும் எங்கள் தேர்வுகள் அப்படியே இருந்தன.

தினமும் உறுத்துவது வேறு. மெனுவில் எல்லாமே இரண்டிரண்டு: இரண்டு டெர்மினல், இரண்டு கோப்பு மேலாளர். பயர்பாக்ஸில் இறக்கிய கோப்பின் ஃபோல்டரைத் திறந்தால் எக்ஸ்எஃப்சிஇயின் துனாருக்குப் பதில் குனோமின் நாட்டிலஸ் எழுந்து வரலாம். அமைப்புகளில் 'இயல்புநிலைச் செயலிகள்' பகுதிக்குப் போய்ச் சொல்லிவைக்கலாம்; ஆனால் பயர்பாக்ஸ் எப்போதும் அதைக் கேட்கும் என்று இல்லை.

அப்புறம் தமிழ்த் தட்டச்சு. குனோமில் தட்டச்சு மொழிகளைக் கையாளும் ஐபஸ் உள்ளேயே இருக்கிறது. பல மொழி விசைப்பலகைகளைத் தரும் எம்17என் தொகுப்பை நிறுவி, விசைப்பலகை அமைப்பில் தமிழ்99-ஐச் சேர்த்தால், சூப்பர் விசையும் ஸ்பேஸும் மொழியை மாற்றிவிடும். எக்ஸ்எஃப்சிஇயில் ஐஎம் கான்ஃபிக் என்ற கருவி வழியாக ஐபஸைத் தேர்ந்து, வெளியேறி மறுபடி நுழைய வேண்டும். சின்ன வேலைதான், ஆனால் ஒவ்வொரு பயனர் கணக்கிலும் செய்ய வேண்டும்.

ஒருவர் மட்டுமே புழங்கும் கணினி என்றால் இரண்டையும் நிறுவச் சொல்லமாட்டேன். நிறுவும்போதே டெஸ்க்டாப் பட்டியலில் குனோம் டிக்கை எடுத்துவிட்டு எக்ஸ்எஃப்சிஇயை மட்டும் டிக் செய்யுங்கள்.